டெண்டர் பெட்டிக்குள் நம்ம சாமை போகுமா?

ஒரு மாவட்டத்தில் அரசாங்கம் தினமும் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் காலை உணவு, மதியம் சத்துணவு, அங்கன்வாடி, மாணவர் விடுதிகள், அரசு மருத்துவமனையின் உள்நோயாளிகள், சிறைச்சாலை, காவலர் பயிற்சிப் பள்ளி, கோயில் அன்னதானம், இதற்கெல்லாம் மேலே ரேஷன் கடை. நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சாப்பாட்டுக்காரர் யாரும் கிடையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சாப்பிடும் வாய் இது. பொங்கலுக்குப் பிறகு 'வியாபாரம் டல்' என்று சொல்லாத வாடிக்கையாளர்.

நாம் கூடும் கூட்டங்களில் சென்னைக் கடை, பெங்களூரு கடை, ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தை, வாட்ஸ்அப் குழு விற்பனை என்றுதான் பேசுகிறோம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரிய வாடிக்கையாளரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது டெண்டர் சமாச்சாரம்ங்க, நமக்கு ஆகாது" என்று முடித்துவிடுகிறோம். ஏன் ஆகாது, எங்கே ஆகும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதலாம் என்று தோன்றியது.

நான் 34 வருடம் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்த்தவன். அதில் ஏழெட்டு வருடம் வங்கி உத்தரவாதம் கொடுக்கும் மேசை. அரசாங்கத்துக்கு அரிசி, பருப்பு, கட்டில், சிமெண்ட், சீருடை விற்கும் ஒப்பந்தக்காரர்கள் எல்லாம் என் எதிரில்தான் உட்காருவார்கள். பிறகு வங்கியின் கொள்முதல் குழுவிலும் உட்கார்ந்தேன். அதாவது விற்பவன் பக்கமும் தெரியும், வாங்குபவன் பக்கமும் தெரியும். ஓய்வு பெற்று தர்மபுரி மாவட்டத்தில் அப்பாவின் நாலரை ஏக்கரில் கேழ்வரகு, சாமை, கொள்ளு, கொஞ்சம் தக்காளி என்று இயற்கை வழியில் விளைவிப்பது இது ஏழாவது வருடம்.

அரசு வாங்கும் விதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது புரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

முதல் வகையில் விலையை அரசே முன்கூட்டிச் சொல்லிவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் அப்படிப்பட்டது. 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். நிலத்தின் ஆவணத்தைக் காட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம். அங்கே போட்டி இல்லை. பக்கத்து வயல்காரர் குறைத்துச் சொன்னார் என்று உங்கள் நெல்லைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கேழ்வரகும் இந்த வகைக்கு வந்துவிட்டது. 2023-இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் பக்கம் கொள்முதல் நிலையமும் வந்தது. 2025-26-க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். அது வருவதற்கு முன் கேழ்வரகுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை.

இரண்டாவது வகை டெண்டர். இதில் விலையைச் சொல்ல வேண்டியது நாம். யார் குறைத்துச் சொல்கிறாரோ அவருக்கே ஆர்டர். அவரை 'எல் ஒன்' என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல் வந்தன. அரசுத் துறை, உள்ளாட்சி, மாநிலப் பொதுத்துறை நிறுவனம், கூட்டுறவு, பல்கலைக்கழகம் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். விலையைத் திறந்த பிறகு கூப்பிட்டுப் பேரம் பேசுவதற்கும் எல்லை உண்டு. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு 'நீ குறைச்சுக்கிறியா' என்று கேட்க முடியாது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு வேறு விதிகள், 2017-இன் பொது நிதி விதிகள். 2016 ஆகஸ்டில் தொடங்கிய 'ஜெம்' இணையச் சந்தை வழியாகத்தான் அவர்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள்.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். அது வருவதற்கு முன் யாருக்கு ஆர்டர் போகும் என்பது டீக்கடையில் முடிவாகும் என்பதை என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். மாமன் மச்சானுக்கு ஆர்டர் போவதைத் தடுக்கத்தான் 'குறைந்த விலை' என்ற கோடு போட்டார்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசலே திறக்காது.

குறைந்த விலை என்றால், எதற்குக் குறைந்த விலை? கேள்வி அங்கேதான் இருக்கிறது. டெண்டர் தாளில் பொருளின் தரத்தை விவரிக்கும் பக்கம் ஒன்று இருக்கும். ஒப்பந்தக்காரர்கள் விலைப் பக்கத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். சண்டை முடிவது அங்கேதான் என்று அவர்களுக்குத் தெரியும். 'சாமை அரிசி, முதல் தரம்' என்று மட்டும் எழுதியிருந்தால், ரசாயன உரம் போட்டதும் போடாததும், தவிடு இருப்பதும் பாலிஷ் போட்டதும், போன வருடத்துப் பழசும் எல்லாம் ஒரே பொருள். அப்போது நாம் தோற்போம், தோற்கத்தான் வேண்டும். 'இயற்கை வேளாண் சான்று பெற்ற, தவிடு நீக்காத சாமை அரிசி, இந்தப் பருவத்து விளைச்சல்' என்று எழுதியிருந்தால் போட்டி அதே பொருளை வைத்திருப்பவர்களுக்குள் மட்டும். சட்டம் ஒன்றுதான். மாறுவது ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அரிசியையே எடுத்துக்கொள்ளலாம். பொது விநியோகத்துக்கு அரிசி வாங்க மத்திய அரசு பருவம்தோறும் ஒரு சீரான தர அளவுகோல் வெளியிடுகிறது. உடைந்த அரிசி எவ்வளவு இருக்கலாம், கேடுற்ற அரிசி எவ்வளவு, அந்நியப் பொருள் எவ்வளவு என்று பட்டியல். அந்தப் பட்டியலில் சிவப்பு அரிசியும் ஒரு குறையாக இருக்கிறது: 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் நமக்குப் பெருமை. அந்தத் தாளின் கண்ணில் அவை கல், தூசி வரிசையில் நிற்கின்றன. யாரும் நம் மேல் பகைவைத்து எழுதியதில்லை. வெள்ளை அரிசியில் சிவப்பு கலந்தால் அது கலப்படம் என்ற நினைப்பில் எழுதியது. ஆனால் முழுக்கச் சிவப்பாகவே ஒரு அரிசி இருக்கும் என்ற யோசனையே அதில் இல்லை. நெல்லிலும் அப்படித்தான். பொது ரகம், சன்ன ரகம் என்று இரண்டே பெயர். எப்படி விளைந்தது என்று கேட்க அந்தத் தாளில் இடம் கிடையாது.

இன்னொரு கேள்வியையும் நண்பர்கள் கேட்பார்கள். அரசாங்கம் விலை குறைவு ஒன்றைத்தானே பார்க்கும், விவசாயியை எங்கே பார்க்கும் என்று. அப்படியில்லை. 1983 முதல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை தருகிறார்களே, அதை எங்கிருந்து வாங்குகிறார்கள்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து. சூரத்திலிருந்து இறக்கினால் மலிவாகவே கிடைக்கலாம். ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்று இரண்டையும் சேர்த்தே அந்தத் திட்டத்தைப் போட்டார்கள். பள்ளிச் சீருடை தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். ஆக, வாங்கும் கையாலேயே ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்துவது நம் மாநிலத்துக்குப் புதிது இல்லை. நெசவாளிக்குச் செய்ததை உழவனுக்கும் செய் என்பதுதான் நம் கோரிக்கை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் தருகிறார்கள். இரண்டும் மாநில அளவில் பெரிய டெண்டர். பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருவது. தேங்காய் விலை விழுந்த வருடங்களில் பொள்ளாச்சிப் பக்கத் தென்னை விவசாயிகள் 'ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடு' என்று தெருவில் தேங்காயை உடைத்ததெல்லாம் இதற்காகத்தான். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான லிட்டரை ஒரே டெண்டரில் கேட்டால், அதில் கலந்துகொள்ள ஓர் உழவர் குழுவால் முடியுமா? வருட விற்றுமுதல் இத்தனை கோடி, மூன்று வருட முன் அனுபவம் என்று நிபந்தனை வந்துவிடும். பெரிய அளவு கேட்பதே சின்னவனை வெளியே நிறுத்துவதற்குச் சமம். எனவே தேங்காய் எண்ணெய் கேட்பவர்கள் 'மாவட்ட வாரியாகப் பிரித்துக் கேள்' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்படிப் பிரித்து, விலையையும் முன்கூட்டியே வைத்து, சின்ன விவசாயியிடம் வாங்குவதை ஒரு நாடே சட்டமாகப் போட்டிருக்கிறது. பிரேசில். 2009-இல் அவர்கள் பள்ளி உணவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளி உணவுக்காக மத்திய அரசு நகராட்சிகளுக்குத் தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடமும் அவர்களின் சங்கங்களிடமும் நேரடியாக வாங்கத்தான் செலவழிக்க வேண்டும். இதற்கு வழக்கமான டெண்டர் வேண்டாம். நகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிடும்: எங்கள் பள்ளிகளுக்கு இத்தனை கிலோ கீரை, இத்தனை கிலோ மரவள்ளி, இத்தனை கிலோ வாழைப்பழம் வேண்டும் என்று. விலை? உள்ளூரில் குறைந்தது மூன்று இடத்தில் விசாரித்து, சராசரி எடுத்து, வண்டி வாடகையும் பொதி செலவும் சேர்த்து, அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள். போட்டி விலையில் இல்லை. யார் உள்ளூர், யார் நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர், யார் பழங்குடி, யார் இயற்கை விவசாயி என்ற வரிசையில் முன்னுரிமை. இயற்கை விளைபொருளுக்குத் தனியாகச் சந்தை விலை கிடைக்காவிட்டால், சாதாரண விலைக்கு மேல் 30 சதவீதம் வரை கூட்டிக் கொடுக்கலாம். ஒரு குடும்பம் வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு, ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. போன வருடம் அந்த 30 சதவீதத்தை 45 ஆக உயர்த்திச் சட்டம் போட்டார்கள், இந்த 2026 முதல் அது நடப்பு.

நம் நெல் கொள்முதல் நிலையத்தின் தத்துவமும் இதுவும் ஒன்றுதான், கவனித்தீர்களா? விலை முன்கூட்டியே, போட்டி இல்லை, விவசாயியிடம் நேரடியாக. அதை நெல்லுக்குச் செய்யத் தெரிந்த அரசுக்குச் சாமைக்கும் கீரைக்கும் செய்யத் தெரியாதா என்ன. ஒடிசா ஓரளவு செய்தது. 2017-இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடியினர் கூட்டுறவுக் கழகத்தின் வழியாகக் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, ரேஷனிலும் கொடுத்து, கியோஞ்சார் மாவட்ட அங்கன்வாடிகளில் கேழ்வரகு லட்டாகவும் கொடுத்தார்கள். ஆனால் சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்கு மத்திய அரசின் ஆதரவு விலையே கிடையாது. சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்குத்தான் உண்டு. 'சிறுதானிய ஆண்டு' என்று 2023 முழுக்கக் கொண்டாடினோம், விழா மேடையில் சாமைப் பொங்கல் சாப்பிட்டோம், விலை மட்டும் வரவில்லை.

சரி, சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. இருக்கும் டெண்டர் உலகத்துக்குள் நுழைந்த எங்கள் குழுவின் கதையைச் சொல்கிறேன். 27 குடும்பம். ஒரு மாவு அரைவை இயந்திரமும் சாமை உமி நீக்கும் இயந்திரமும் குழுவின் பெயரில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே வளாகத்தில் நாலு விடுதி, சுமார் 1,400 பிள்ளைகள். மளிகை மொத்தத்துக்கும் ஒரே டெண்டராகப் போடுவது அவர்கள் வழக்கம். அந்தத் தாளில் மூன்று வருடம் 50 லட்சம் விற்றுமுதல் கேட்டிருந்தார்கள். எங்களால் முடியாது. முன்வைப்புத் தொகையும் கட்ட முடியாது. அது பொருள் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மாநில விதி சொல்கிறது, ஆனால் மொத்த மளிகைக்கு 1 சதவீதம் என்றாலே எங்கள் இருப்பைவிட அதிகம். வங்கி உத்தரவாதம் வாங்கலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். புது ஆளுக்கு முழுத் தொகையையும் டெபாசிட்டாகப் பிடித்துக்கொண்டுதான் வங்கி உத்தரவாதம் கொடுக்கும். நானே அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

டெண்டர் தாளைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வர வேண்டும். ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். சிறுதானியத்தை மட்டும் தனியாகப் பிரித்தால் உள்ளூர்க் குழுக்கள் கலந்துகொள்ள முடியும், இயற்கைச் சான்று பெற்ற பொருள் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிறது, வாராவாரம் புதிதாக அரைத்துத் தருவோம் என்று. சண்டை பிடிக்கும் தொனி இல்லாமல் எழுதினோம். இரண்டு மாதம் கழித்து, போன மே மாதம், சிறுதானியத்துக்குத் தனியாக விலைப்புள்ளி கேட்டார்கள். தர விவரத்தில் பங்கேற்பு முறைச் சான்று, அதாவது நம் பி.ஜி.எஸ். சான்று, அல்லது அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்று வேண்டும் என்று ஒரு வரி. கேழ்வரகு மாவு 4,000 கிலோ, கிலோ 58 ரூபாய். சாமை அரிசி 1,600 கிலோ, கிலோ 95 ரூபாய். மொத்தம் 3,84,000 ரூபாய்க்கு ஆர்டர் எங்களுக்கு வந்தது.

ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை 18-இல் கடைசி லோடு இறக்கினோம். பிள்ளைகள் சாமைப் பொங்கலை மீதி வைக்கவில்லை என்று சமையல்காரர் சொன்னபோது எங்கள் பெண்களுக்கு இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

ஆகஸ்டு போனது. செப்டம்பர் போனது. பணம் வரவில்லை.

3,84,000 ரூபாய் அரசாங்கத்துக்குத் தூசு. எங்களுக்கு 27 வீட்டு மானாவாரிப் பட்டம். குழுவிடம் சரக்குப் போட்டவர்களில் ஓர் அக்கா, கணவர் இல்லாதவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "வியாபாரி அஞ்சு ரூபா கம்மியா குடுத்தாலும் அன்னைக்கே கையில குடுப்பான்ல" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் பதில் இல்லை. குழு உடையும் நிலைக்கு வந்துவிட்டது.

நான் போய்க் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர். லஞ்சம் எதிர்பார்த்து இழுக்கிறவர் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. மத்த ரெண்டு விலைப்புள்ளியில சாமை 78 ரூபா. நான் 95-க்கு வாங்கியிருக்கேன். நாளைக்கு ஆடிட் வந்து கிலோவுக்கு 17 ரூபா எதுக்குன்னு கேட்டா? 1,600 கிலோவுக்கு 27,200. என் பென்ஷன்ல பிடிப்பான் சார். ரிட்டயர் ஆக 14 மாசம் இருக்கு."

அவர் பயம் நியாயமானது. நம் இயக்கத்தில் அதிகாரிகளைத் திட்டிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவனின் பயம் என்னவென்று கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் தெரியும். தணிக்கையாளர் சாமைப் பொங்கலைச் சாப்பிட்டுப் பார்க்க மாட்டார். கோப்பைத்தான் பார்ப்பார். கோப்பில் 95-க்கும் 78-க்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று ஒரு வரியும் இல்லை. அந்த வரியை எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவே உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு தயார் செய்தேன். கேட்கப்பட்ட பொருள் சான்று பெற்றது. மற்ற இரண்டு விலைப்புள்ளிகளோடு சான்று நகல் இணைக்கப்படவில்லை. எனவே அவை தர விவரத்தைப் பூர்த்தி செய்யவில்லை, ஒப்பிடத் தகுந்தவை இல்லை. சான்று உள்ளவர்களில் எங்கள் விலையே குறைந்த விலை. இதோடு சான்றிதழ் நகல், ஒவ்வொரு லோடின் தொகுதி எண், ஆய்வக அறிக்கை, இரண்டு இயற்கை அங்காடிகளின் அன்றைய விலை ரசீது எல்லாவற்றையும் இணைத்தோம். ஒவ்வொரு லோடு இறக்கும்போதும் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. எங்கள் ஓட்டுநர் தம்பியை "முத்திரை இல்லாமல் வண்டியைத் திருப்பாதே" என்று நச்சரித்தே வாங்கவைத்தது அது.

இன்னொரு கடிதமும் கொடுத்தோம், தனியாக. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதம்தோறும் கூட்டு வட்டி. அரசு நிறுவனம் என்றாலும் விலக்கு இல்லை. அப்போது வங்கி விகிதம் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25. செப்டம்பர் முதல் மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 16,800 ரூபாய். எங்கள் அரைவை ஆலை உத்யம் பதிவில் இருந்ததால்தான் இதைக் கேட்க முடிந்தது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் குழு மாவு அரைக்கிறதா, எண்ணெய் ஆட்டுகிறதா, அந்தப் பதிவை இந்த மாதமே செய்துவிடுங்கள். கட்டணம் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் அரை மணி நேர வேலை.

டிசம்பர் முதல் வாரம் அசல் முழுவதும் வந்துவிட்டது. வட்டியைக் கேட்டு மேலே போகலாமா என்று குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. இதற்கென்று மன்றம் இருக்கிறது, 'சமாதான்' தளத்தில் பதிந்தால் போதும், நம் உரிமை, கேட்போம் என்று நான் சொன்னேன். "அடுத்த வருஷம் அவருகிட்டதான் போய் நிக்கணும், விடுங்கண்ணா" என்று பெண்கள் சொன்னார்கள். ஓட்டுப் போட்டதில் நான் தோற்றேன். 16,800 ரூபாயை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பழைய வங்கிக்காரன் புத்தி.

இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். குழுவின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசு ஆர்டருக்குப் போகாது. சரக்குப் போடும் அன்றே உறுப்பினருக்கு 60 சதவீதம் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்கான பணம் சுழல்நிதியில் இருந்தால்தான் ஆர்டரையே எடுப்போம். மீதி இரண்டு பங்கு ரொக்கத்துக்கு விற்கும் வழிகளில். இது எல்லாக் குழுவுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சுழல்நிதி கொஞ்சம் கூட இல்லாத குழு அரசு டெண்டர் பக்கம் போகவே வேண்டாம், சின்ன வீட்டுச் சமையலுக்கு விற்பதே மேல்.

சான்று பற்றி ஒரு விஷயம், பல பேர் குழம்புகிறார்கள். வருட விற்றுமுதல் 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்கும்போது இயற்கைச் சான்று கட்டாயம் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சலுகை கொடுத்திருக்கிறது. சந்தையில் சான்று இல்லாமல் விற்கிறோமே என்று அதே நினைப்பில் விடுதிக்கு விலைப்புள்ளி கொடுக்கக் கூடாது. விடுதி என்பது நேரடி நுகர்வோர் இல்லை. சான்று இல்லாமல் 'இயற்கை' என்று தாளில் எழுதினால் போட்டியாளர் ஒரு புகார் போட்டாலே போதும். பி.ஜி.எஸ். சான்று நம்மைப் போன்ற குழுக்களுக்கு ஏற்றது. செலவு குறைவு, பக்கத்து விவசாயி நம் வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. ஆனால் நிலம் மாறும் காலத்தையும் சேர்த்து நாளாகும். இன்று விண்ணப்பித்தால் நாளை டெண்டருக்கு உதவாது.

மத்திய அரசு நிறுவனம் ஏதாவது உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. சித்தேரி மலையில் சாமை விளைவிக்கும் மக்களின் குழுக்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று யோசியுங்கள். அந்த 4 சதவீதத்தை எங்கே வாங்கினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் செலவு.

எங்கள் அடுத்த முயற்சி காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். உள்ளூரில் விளையும் சிறுதானியத்தில் வாரம் 2 நாளாவது சமைக்கலாம் என்ற வழிகாட்டல் அதன் அரசாணையிலேயே இருக்கிறது. எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு அந்த 2 நாள் சாமையையும் கேழ்வரகையும் டெண்டர் இல்லாமல், கொள்முதல் நிலையம் மாதிரி முன்கூட்டியே அறிவித்த விலையில், பதிவு பெற்ற உழவர் குழுக்களிடமும் மலைக் கிராமக் குழுக்களிடமும் வாங்க வேண்டும் என்று பிப்ரவரி மாத விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். சாமைக்கு விலை வைப்பது எப்படி என்பதற்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், உழவர் சந்தை, தனியார் ஆலை மூன்றின் விலையையும் எடுத்துச் சராசரி போட்டு, உமி நீக்கும் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்த கணக்கையும் இணைத்திருக்கிறோம். எங்கள் இயந்திரத்தில் 100 கிலோ சாமைக்கு 60 கிலோ அரிசிதான் தேறுகிறது; அந்தக் கணக்கும் அதில் உண்டு. மனு எண் போட்டு ரசீது வாங்கியாகிவிட்டது. 'துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. எந்தத் துறைக்கு என்று மார்ச் கூட்டத்தில் கேட்கப் போகிறோம். பக்கத்து ஒன்றியக் குழுக்களும் அதே கணக்கை இணைத்து அன்றே மனு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.